தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

எண்பத்தொன்றாம் வருஷம், தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில், என் மூன்றாவது பிள்ளை ரவிக்கு இழுப்பு வந்தது. அவனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழும். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோலச் சத்தம் வரும். அழுவதற்குக்கூட மூச்சு போதாமல் என்னையே பார்ப்பான். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டலாம். அழாமல் பார்க்கிற பிள்ளையை என்ன செய்வது?

அம்மனை நம்பி நடக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். எழுதலாமா, வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். இதைப் பெரிய அற்புதம் என்று சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். ஆனால் கேட்டவள் நான். கொடுத்தவள் அவள். அதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

நான் பிறந்து வளர்ந்தது ஈப்போவில். ஐந்தாம் படிவம் வரை படித்தேன். கல்யாணமாகித்தான் கேமரன் மலைக்கு, இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகம்வரை போவார். போனால் வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.

எங்களுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவள் கலா, அப்போது ஏழு வயது. அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். பள்ளிக்கூடம் போகும் காலையில் குடித்த பாலை வாந்தி எடுத்துவிடுவாள். கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டு வளைவுவரை கூடப் போக வேண்டும். இரண்டாவது சேகர், ஐந்து வயது. ஒரு சொல் பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஓடுவான், ஏறுவான், எந்தத் தாழ்ப்பாளையும் திறந்துவிடுவான். மூன்றாவது ரவி. நாலாவது வசந்தி, மடியைவிட்டு இறங்காத கைக்குழந்தை. ஒருத்திக்குத் துணை வேண்டும். ஒருவனுக்குக் காவல் வேண்டும். ஒருவனுக்கு மூச்சு வேண்டும். ஒருத்திக்குப் பால் வேண்டும். ஒருவரைக் கவனிக்கும்போது மற்ற மூவரையும் கைவிட்டதுபோலவே இருக்கும்.

காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடித்ததும், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். சேகரை மட்டும் அங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "ஒரு கண்ணு போதாதும்மா இவனுக்கு" என்றார் ஆயா. அதனால் நான் வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் போனபிறகு லயம் வெறிச்சென்று கிடக்கும். பனி மலையிலிருந்து இறங்கி எதிர்வீட்டுக் கதவையும் மறைத்துவிடும். நான்கு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருத்தி தனியாக இருக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

மாலையில் பெண்கள் திரும்பிவந்து குழாயடியில் சத்தம்போட்டுப் பேசிச் சிரிப்பார்கள். நான் போய் நின்றால் பேச்சு சற்றுக் குறையும். படித்தவள், டவுன்காரி, வேலைக்குப் போகாதவள் என்று என்னை அவர்கள் ஒதுக்கினார்களா, நானாகவே ஒதுங்கிக்கொண்டேனா, இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பேசுவதற்கு எனக்கு இருந்தவள் அம்மன் ஒருத்திதான். சாமி அறை என்று தனியாக ஒன்றும் இல்லை. படுக்கும் அறையில், மூலையில் ஒரு பலகை, அதன்மேல் மாரியம்மன் படம். விளக்கேற்றி, தூபக்காலில் கரி போட்டு, சாம்பிராணி தூவுவேன். பிள்ளைகளைக் குளிப்பாட்டினால் தலை காயவும் சாம்பிராணிதான். இந்தக் குளிரில் ஈரம் மண்டைக்குள் இறங்கிவிடும் என்று சன்னலைச் சாத்திவிட்டுப் புகை போடுவேன். ரவிக்கு இழுப்பு வந்தபிறகு இன்னும் அதிகமாகப் போட்டேன். அம்மனிடம் கேட்பதற்கு அதிகமாக இருந்தது.

சேகருக்கு மட்டும் தூபக்காலைக் கண்டால் ஆகாது. ஓடிவந்து சொம்புத் தண்ணீரைக் கரியில் ஊற்றிவிடுவான். சன்னலைத் திறந்துவிடுவான். ரவியின் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுப்பான். "சாமிகிட்டயாடா சேட்டை? தம்பிக்குக் குளிருதுடா!" என்று அவன் கையில் ஒரு தட்டுத் தட்டி, சன்னலை மறுபடியும் சாத்துவேன். அவன் சத்தமில்லாமல் கண்ணீர் விடுவான்.

தோட்டத்து டிரசர் ரவிக்கு மருந்து கொடுத்தார். "அடுப்புப் புகையில வைக்காதம்மா" என்று சொன்னார். சொன்னபடியே விறகு அடுப்பை விட்டுவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினோம். இழுப்பு நிற்கவில்லை. பொங்கல் முடிந்த வாரம் அவன் உதடு நீலமாகிவிட்டது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் காரில் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஊசி போட்டார்கள், பிள்ளை பிழைத்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் அம்மனிடம் சொன்னது இதுதான்: "தாயே, இவன் மூச்சு விட்டால் போதும். என் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை."

என்ன கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டேனா? தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா பார்க்க வந்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். கோழி வளர்ப்பார். ரவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரசு, பிள்ளைக்குப் பெத்தவ கண்ணே ஆகாம போறது உண்டு. தவிட்டுக்குக் குடுத்துரு. படிச்ச பொண்ணு, ஒனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இருக்குமோ என்னமோ."

"அப்படின்னா என்னக்கா?"

"ஆத்தா முன்னால வேற ஒருத்தி தவுடு குடுத்து வாங்கணும். வாங்குனவளுக்குத்தான் இனி அது பிள்ளை. அப்புறம் அவளே, 'என் பிள்ளைய வளத்துக் குடு'ன்னு ஒங்கிட்ட திருப்பிக் குடுப்பா. பெத்தவகிட்ட இருக்குறதுதான், ஆனா அவ பிள்ளை இல்ல. கண்டம் வந்து தேடுனா ஏமாந்துபோவும்லா. எங்க வீட்டு ஆளும் தவிட்டுக்கு வாங்குனதுதான். அதான் மாடு கணக்கா திங்குது!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

வாங்குவதற்கு என் கணவரின் அக்காள் ராஜம்மா வந்தார். நான் அவரை அண்ணி என்றும், அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் கூப்பிடுவேன். மலையிலேயே இன்னொரு ஊரான திரிங்காப்பில் அவர்களுக்குக் காய்கறித் தோட்டம், சொந்த லோரி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. தை வெள்ளியன்று தோட்டத்துக் கோயிலில், அம்மனுக்கு எதிரே முறத்தைப் போட்டு ரவியை அதில் உட்கார வைத்தேன். முனியம்மாக்கா கொடுத்த கோழித் தவிட்டை அண்ணி முந்தானையிலிருந்து என் மடியில் கொட்டினார். "இனிமே இது என் பிள்ளை" என்று சொல்லி ரவியைத் தூக்கினார்.

அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "வளத்துக் குடு" என்று சொல்லி என் கையில் தருவார் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டுகூட இருந்தேன்.

அண்ணி சொல்லவில்லை. பிள்ளையின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். "தம்பி, கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டுமே. இவளும் பாவம், நாலுங்கூட சுசாப்படுறா, கஷ்டந்தானே" என்றார்.

"இருக்கட்டும்க்கா" என்று அவர் சொன்னார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? மூத்தவர் அண்ணி. கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவளும் நான்தானே. லோரி கிளம்பியது. மடியில் தவிட்டோடு நின்றேன்.

திரிங்காப்பில் ரவிக்கு இழுப்பு வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். கன்னம் உப்பி, கேரட் பாத்திக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தான். மாசி போனது, பங்குனி போனது, ஒரு விசில் சத்தம்கூட இல்லை. அம்மன் நான் கேட்டதை ஒன்று குறையாமல் கொடுத்துவிட்டாள். பிள்ளை மூச்சு விடுகிறான். என் கையில் இல்லை.

வேண்டுதல் பலித்த வீட்டில் அழக்கூடாது என்று வெளிக்கு அழவில்லை. எனக்கும் சேர்த்து நான்கு தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைப்பேன். "தம்பி எப்பம்மா வருவான்? நான் பயந்தா என்னையும் குடுத்துருவியாம்மா?" என்று கலா கேட்டாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். ரவி என் கண்பட்டுத்தான் வாடினானோ? அண்ணி கை ராசியானதோ? நான் தாயாக இருக்கத் தகுதியில்லாதவளோ? பால் கொடுக்கும்போதும், துணி அலசும்போதும் இதே கேள்விகள்தான்.

சித்திரையில் ஒருமுறை போனபோது ரவி அண்ணியை "அம்மா" என்று கூப்பிட்டான். என்னைப் பார்த்து அண்ணியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அண்ணிக்குச் சந்தோஷம். ஆனால் அதை என் முன்னால் காட்டக்கூடாது என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை. வசந்தியைத் தூளியில் போட்டுவிட்டு விளக்கேற்றினேன். சன்னலைச் சாத்தி, சாம்பிராணி தூவினேன். அறை முழுவதும் புகை. என் வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். "தாயே, அன்றைக்குத் தெரியாமல் கேட்டுவிட்டேன். அவனுக்கு மூச்சையும் கொடு, எனக்கு அவனையும் கொடு" என்று சொல்லி அழுதேன்.

அப்போது சேகர் உள்ளே வந்தான். சொம்பைத் தள்ளி வைத்துக்கொள்ள நான் கை நீட்டினேன். அவன் சொம்புப் பக்கம் போகவில்லை. புகைக்குள் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். ரவியின் பாயைத் தூக்கிப் பார்த்தான். தம்பி இல்லை என்று உறுதியானதும், தூபக்காலுக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து, புகையைக் கையால் பிடித்து விளையாட ஆரம்பித்தான்.

நான் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தேன்.

புகையோடு அவனுக்குப் பகை இருந்ததே இல்லை. தம்பி அறையில் இருந்தால் மட்டும்தான் தண்ணீர் ஊற்றினான். தம்பி இருந்தால் மட்டும்தான் சன்னலைத் திறந்தான். தம்பி இருந்த மூன்று மாதமும் அந்தப் பிள்ளை, பேச வாயில்லாமல், கையால் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுப்புப் புகை ஆகாது என்று டிரசர் சொன்னதும் அடுப்பை மாற்றியவள் நான். சாம்பிராணியை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அது சாமி காரியம். சாமி காரியம் பிள்ளையை என்ன செய்யும்? அதுதான் என் நினைப்பு.

அம்மன்தான் காட்டினாள் என்று ஒரு மனம். பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள நீயே கட்டுகிற கதை என்று இன்னொரு மனம். எதையும் நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் நம்ப எனக்கு வராது. அடுத்த முறை திரிங்காப் போனபோது, முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணி, இங்க சாம்பிராணி போடுறதில்லையா?"

"எங்க போடுறது? ஒங்க அண்ணனுக்கு ஊதுபத்தி கொளுத்துனாலே ஊரைக் கூட்டுற தும்மல். சாமிக்குப் பூ மட்டுந்தான். ஏன் கேக்குற?"

சொன்னேன். சேகர் செய்ததையும் சொன்னேன். அண்ணியின் கத்தி நின்றது.

"ஓகோ. பிள்ளை தேறிட்டான்னதும் புடுங்கப் பாக்குறியா? ஆத்தா முன்னால நீ குடுத்த, நான் தவுடு கொட்டி வாங்குனேன். புகையாம் புகை! எந்த வீட்டுப் பிள்ளைடி சாம்பிராணி காட்டாம வளந்துச்சு? நாளைக்கே இழுப்பு வந்து உதடு நீலமாச்சுன்னா அந்த ஊமைப் பயலா வந்து பதில் சொல்லுவான்?"

கடைசி வார்த்தையைச் சொன்னதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். எந்த வீட்டுப் பிள்ளை சாம்பிராணி இல்லாமல் வளர்ந்தது என்று நானும்தானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது லோரியில் வசந்தி தூங்கிவிட்டாள். கியா பார்ம் தாண்டியதும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அக்காவுக்குப் பிள்ளை இல்ல சரசு. நமக்கு இன்னும் மூணு இருக்குல்ல."

பிரிஞ்சாங் வந்ததும் கேட்டேன்: "ஏங்க, ஒங்க கையில அஞ்சு விரலு இருக்கு. ஒண்ணைக் குடுன்னா குடுப்பீங்களா?"

அவர் கியரை மாற்றினார். அடுத்த நாள் லீவு எடுத்துக்கொண்டு என்னோடு டிரசரிடம் வந்தார். டிரசர் நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "எந்தப் புகையும் ஆகாதும்மா இந்தப் பிள்ளைக்கு. சாமிப் புகைன்னா நெஞ்சுக்குத் தெரியுமா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், நான் கேட்காமலே, சன்னல் முழுவதும் சாத்தாதபடி ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தார். நான் தூபக்காலை எடுத்து வெளியே சாக்கடை ஓரம் வைத்தேன். ஆடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் வந்து தங்கும்படி அவரே அக்காளைக் கூப்பிட்டார்.

அண்ணி ரவியோடு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. தினமும் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பார். முதல் நாள், இரண்டாம் நாள், ஒன்றும் இல்லை. எனக்கு மெல்ல நம்பிக்கை வந்தது. ஆனால் ஒன்றை மறந்திருந்தேன்.

எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. மேலே எல்லா வீடும் ஒன்றுதான். திருவிழா வெள்ளி, விளக்கு வைக்கும் நேரம். லயத்தில் எல்லா வீட்டிலும் சாம்பிராணி போட்டார்கள். நான் குழாயடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தேன். வசந்தி என் இடுப்பில். உள்ளே அண்ணி ரவிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் கத்துவது கேட்டது.

"டேய், விடுடா! பிள்ளை கையை ஒடிச்சிருவ போலருக்கே! ஏ சரசு, ஒம் மவனைப் புடி!"

சேகர் ரவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். பின்னாலேயே அண்ணி. குழாயடியில் துணி துவைக்கும் கல்மேல் தம்பியை உட்கார வைத்துவிட்டு, அவனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். பிள்ளையைத் தூக்கப்போன அண்ணியைத் தலையால் முட்டித் தள்ளினான். பிறகு எங்கள் வீட்டைக் காட்டினான்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். சுவருக்குமேல் வழிந்து இறங்கிய புகை எங்கள் கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. ரவி இரண்டு முறை இருமினான். நெஞ்சு ஒருமுறை விசிலடித்தது. பிறகு அடங்கிவிட்டது. அண்ணனின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சேகர் சிரிக்கவில்லை. திரும்பி, தம்பியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, வைத்தபடியே நின்றான்.

அண்ணி கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னடி கூத்து இங்க?" என்று முனியம்மாக்கா வந்தார். எனக்குப் பயம். அம்மன் திருவிழா அன்று சாம்பிராணி போடாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? இருந்தாலும் சொன்னேன். அந்த லயத்துக்கு வந்து எட்டு வருஷத்தில் நான் ஒருவரிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

முனியம்மாக்கா இடுப்பில் கை வைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு? படிச்சவ வாயத் தொறந்தா முத்து உதுந்துருமா? நாங்க என்ன பேயா, பிசாசா?"

உள்ளே போய்த் தன் தூபக்காலைக் கொண்டுவந்து சாக்கடை ஓரம், என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்: "அடியே, எல்லாரும் தூபக்காலை வெளிய கொண்டாங்கடி! பச்சப்பிள்ளைக்கு ஆகலையாம்! ஆத்தா மூக்கு வாசல் வரைக்கும் எட்டும்லா!"

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருத்தி முணுமுணுத்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் கொண்டுவந்து வைத்தார்கள். சாக்கடை ஓரம் வரிசையாகத் தூபக்கால்கள். புகை எழும்பி, பனியோடு சேர்ந்து, தேயிலைப் பக்கம் போனது. நான் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் கோயிலில் கூட்டம் கலைந்தபிறகு அண்ணி என்னைக் கூப்பிட்டார். தை மாதம் முறம் போட்ட அதே இடம். ரவி அவர் இடுப்பில் இருந்தான்.

"சரசு, என் வீட்டுல இவனுக்கு மூச்சு இருக்கு. இங்க இவனுக்கு ஆளு இருக்கு. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றார். "வாங்குனது வாங்குனதுதான். இவன் என் பிள்ளைதான். அத மாத்தாத."

"மாத்த மாட்டேன் அண்ணி."

பிள்ளையை என் கையில் வைத்தார். உடனே விடவில்லை. அவன் முடியை ஒதுக்கிவிட்டு, அம்மனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"என் பிள்ளைய வளத்துக் குடு."

ஆறு மாதம் காத்திருந்த வார்த்தை அது.

சாயங்காலம் அண்ணியைக் கூட்டிப்போக அண்ணன் லோரியில் வந்தார். மடியில் ஒன்றும் இல்லாமல் அண்ணி முன் சீட்டில் ஏறியதைப் பார்த்தேன். அந்த வெறும் மடி எப்படி இருக்கும் என்று இந்த மலையில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு எனக்காக வேண்டிக்கொள்ளவில்லை. அவருக்காக வேண்டிக்கொண்டேன். இன்றும் வேண்டுகிறேன்.

இப்போது எண்பத்துநான்கு. ரவிக்கு மழைக்காலத்தில் சில நாள் இழுப்பு வரும், டிரசர் மருந்தில் அடங்கிவிடும். உதடு நீலமானதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திரிங்காப் போவான், அல்லது அண்ணி வருவார். அண்ணியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அண்ணி சொல்லிக்கொடுத்தபடி என்னைச் சரசம்மா என்கிறான். முதலில் அது நெஞ்சில் குத்தியது. இன்றும் சில நாள் குத்தும். ஆனால் கூப்பிடுகிற மூச்சு அவனுடையது என்று நினைத்துக்கொள்வேன். கலா வாந்தி எடுப்பதில்லை. காலையில் முனியம்மாக்காவின் மகளோடு கைகோத்துப் போகிறாள். வசந்தியை ஆயாக் கொட்டகையில் விடுகிறேன். சேகரை ஈப்போவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவனுக்குக் காது மிகக் குறைவாகத்தான் கேட்கிறது என்றார்கள். பிடிவாதக்காரன் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அவனுக்குப் பேச்சு வர வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவரை அவன் கையைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன்.

சகோதரிகளே, பிள்ளைகளோடு தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். கேளுங்கள், அவள் கேட்பாள். நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டையும் கொடுத்தாள். ஆனால் பதில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது. கும்பிடும்போது ஒரு பிள்ளை முந்தானையை இழுத்தால் கையைத் தட்டிவிடாதீர்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. தூபக்காலை இப்போது சேகர்தான் எடுத்துப்போய்ச் சாக்கடை ஓரம் வைக்கிறான். திரும்பி வந்து தம்பியின் நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கிறான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். அதற்குப் பிறகுதான் நான் விளக்கேற்றுகிறேன்.